சரஸ்வதியிடம் புத்தகம் பிடுங்கியவன்

முதலில் ஒரு வாக்குமூலம். "குழந்தைகளுக்கு வாசிக்கும் பழக்கத்தை ஊட்ட வேண்டும்" என்று நான் ஊரெல்லாம் முழங்கிக்கொண்டிருந்த அந்த வருடத்தில், நான் கடைசியாக முழுசாகப் படித்திருந்த புத்தகம் வங்கிப் பதவி உயர்வுத் தேர்வுக்கான கைடு. அதிலும் கடைசி இரண்டு பாடங்களைச் சாய்ஸில் விட்டிருந்தேன். (பதவி உயர்வு வந்தது. கூடவே கொல்கத்தாவுக்கு மாற்றலும் வந்தது. விட்ட பாடங்களுக்கான தண்டனை அது என்று என் மனைவி உஷா இன்றும் சொல்கிறாள்.)

திருநெல்வேலியிலிருந்து ஒரு ஜூன் மாதம் பெட்டி படுக்கையோடு வந்து, லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் குடியேறினோம். முருங்கைக்காயும் காபித்தூளும் நடக்கிற தூரத்தில் கிடைத்ததால் உஷா இரண்டே வாரத்தில் இந்த ஊரை மன்னித்துவிட்டாள். எங்கள் மகள் மீனுவுக்கு அப்போது ஏழு வயது. அவளுக்கு மன்னிக்க எதுவுமே இருக்கவில்லை. ஆறு மாதத்தில் கீழ் வீட்டு மல்லிகா பௌதியோடு வங்காளத்தில் சண்டை போட்டு, வங்காளத்திலேயே சமாதானமும் ஆகுமளவுக்குத் தேறிவிட்டாள். (பௌதி என்றால் அண்ணி. இந்த ஊரில் கீழ் வீடு, மேல் வீடு, எதிர் வீடு எல்லாமே அண்ணிமார்தான்.)

கவலையெல்லாம் எனக்குத்தான். ஊரில் இருந்தபோது பஸ் போர்டு, பிஸ்கட் பாக்கெட், சுவர் விளம்பரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்த பிள்ளை. இங்கே தமிழில் வாசிக்க ஒரு கடைப் பலகைகூடக் கிடையாது. இப்படியே விட்டால் தமிழே மறந்துபோகும் என்று பயந்தேன். பயந்தவன் சும்மா இருந்திருக்கலாம். நான் ஒரு சிவப்புப் பேனா வாங்கினேன்.

என் முறை இதுதான். மீனுவை நாற்காலியில் நேராக உட்கார வைப்பேன். ஆட்டுக்குட்டி ஒன்று கல்யாணத்துக்குப் போகிற கதைப் புத்தகத்தைக் கையில் கொடுப்பேன். அவள் சத்தமாக வாசிக்க வேண்டும். எங்கே தப்பு வருகிறதோ அந்த இடத்தில் புத்தகத்திலேயே சிவப்பாக ஒரு கோடு போடுவேன். போட்டுவிட்டு, "மறுபடி முதல்ல இருந்து" என்பேன். இதன் பலனாக, இரண்டு மாதமாகியும் அந்த ஆட்டுக்குட்டி வீட்டு வாசலைத் தாண்டவில்லை. முதல் பக்கத்திலேயே பொட்டு வைத்துக்கொண்டு நின்றது. இரண்டாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நவம்பர் வாக்கில் புத்தகத்தை எடுத்தாலே மீனுவுக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. டாக்டரிடம் காட்டலாமா என்று உஷாவிடம் கேட்டேன்.

"டாக்டர் எதுக்கு? அவளுக்கு வாசிக்கதுல ஒரு பயமும் கிடையாது. உங்களப் பாத்துத்தான் பயப்படுதா. இப்படியே போனா பெரியவளானாலும் ஒரு புத்தகத்தத் தொடமாட்டா, பாத்துக்கிடுங்க" என்றாள்.

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் பேனாவை மூடியிருப்பான். நான், மீனுவுக்குக் கூட்டு இல்லாததுதான் குறை என்று கண்டுபிடித்தேன். அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பேசி, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் ஒரு 'வாசிப்பு வட்டம்' தொடங்கினேன். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பங்கள். பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், கோபம் வந்தால் வங்காளத்துக்குப் போய்விடுவார்கள், எழுத்து மட்டும் ஆனா ஆவன்னாவோடு நிற்கும். எட்டுப் பேர் வந்தார்கள். ஊரிலிருந்து பார்சலில் கதைப் புத்தகங்கள் வரவழைத்தேன், ஆட்டுக்குட்டியோடு சேர்த்து முப்பத்திரண்டு. ஒரு பிள்ளைக்குச் செய்துகொண்டிருந்த கொடுமையை ஒன்பது பிள்ளைகளுக்கு விரிவுபடுத்தினேன்.

ஜனவரியில் வருகை குறைய ஆரம்பித்தது. ஆசை காட்டலாம் என்று லேக் மார்க்கெட்டில் குவித்து வைத்திருந்த இலந்தைப்பழத்தில் ஒரு கிலோ வாங்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவித் தட்டில் வைத்தேன். நான் படிக்கிற காலத்தில் பள்ளிக்கூட வாசலில் அதற்கு அடிதடியே நடக்கும். இங்கே ஒன்பது பிள்ளைகளும், தட்டில் தேள் கிடப்பதுபோல் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

"அங்கிள், குல் இப்ப சாப்டக் கூடாது" என்றான் பாப்பாய். (குல் என்றால் இலந்தை. பாப்பாய் இந்த ஊர் வழக்கப்படி செல்லப் பெயர். பள்ளிக்கூடத்தில் அவன் கார்த்திகேயன்.) "சரஸ்வதி பூஜைக்கு முன்னாடி குல் சாப்ட்டா பரீட்சைல ஃபெயிலாயிடுவோம்."

"சரஸ்வதி பூஜை அக்டோபர்லயே முடிஞ்சாச்சுடா" என்று சிரித்தேன்.

"அது ஊர்ல. இங்க இனிமேதான்" என்றாள் மீனு.

மூடநம்பிக்கையை முளையிலேயே கிள்ள வேண்டும் என்று, அவர்கள் கண் முன்னால் வரிசையாகப் பத்துப் பழம் தின்று காட்டினேன். "பாருங்க, எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். ஒன்பது பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அந்த வாரமே வங்கியில் விடுமுறைப் பட்டியலைப் பார்த்தேன். அட, நிஜமாகவே சரஸ்வதி பூஜை என்று ஒரு நாள் லீவு. நம் ஊரில் நவராத்திரியில் புத்தகத்தை அடுக்கிப் பூஜையில் வைத்து, மறுநாள் எடுத்து ஒரு வரியாவது படிப்போம். அந்தக் கடமை எனக்கு அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. ஆகவே இது அவர்களுடைய பூஜை, நமக்கு வெறும் லீவு, அதுவும் கல்விக்கு உகந்த லீவு என்று கணக்குப் போட்டேன். அன்று காலை பத்தரை மணிக்கு எங்கள் வீட்டில் வாசிப்பு விழா. ஒன்பது பிள்ளைகளும் பெரியவர்கள் முன்னால் ஆளுக்கொரு கதை வாசிக்க வேண்டும். முதலில் மீனு, ஆட்டுக்குட்டி.

பெற்றோர்களிடம், "பிள்ளைகள வச்சு வீட்ல ஒரு விழா" என்று மட்டும் சொன்னேன். "சரஸ்வதி பூஜை அன்னிக்கா? ரொம்ப நல்ல நாள் சார்" என்றார்கள், ஒருவர் விடாமல். சிறப்பு விருந்தினராக எங்கள் மேலாளர் சபாபதி சாரை அழைத்தேன். தாத்தா காலத்தில் கும்பகோணத்திலிருந்து ஒரு கம்பெனி வேலைக்கு இங்கே வந்த குடும்பம். "குழந்தைகளை வச்சு வீட்ல விசேஷமா? பேஷ், கட்டாயம் வரேன். வயத்த காலியா வச்சுண்டு வந்துடறேன்" என்றார். சாப்பாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, உஷாவிடம் கேசரி அளவைக் கூட்டச் சொன்னேன்.

உஷா கேசரியை விட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தாள். "நாலு பேருக்கு முன்னால நிறுத்தி, அவ திக்கி, நீங்க அந்தப் பேனாவ எடுத்தீங்கன்னா அவ்வளவுதான். அதோட முடிஞ்சுது."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அன்னைக்கு அவ அந்தக் கதைய முழுசா வாசிப்பா. வாசிக்கலன்னா, இனிமே அவ புத்தகத்துப் பக்கமே நான் வரமாட்டேன். போதுமா?"

"எழுதிக் குடுங்க" என்றாள். சிவப்புப் பேனாவிலேயே எழுதிக் கொடுத்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் மீனு வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, நாளைக்குப் புத்தகத்தத் தொடக் கூடாதுப்பா. படிக்கவே கூடாது. எல்லாரும் கீழ தாகுர் கால்ல வச்சிருவாங்க." (தாகுர் என்றால் சாமி.)

"வயித்துவலி போயி இப்ப சாமியா? சாக்குச் சொல்லாத" என்றேன். அவள் சட்டையை விட்டாள். ஒரு பிள்ளை மூன்று மாதமாக மூன்று விதமாகச் சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

பூஜை நாள் காலையில் விருந்தினர்களுக்கு வாழைப்பழமும் முறுக்கும் வாங்கப் போனேன். தெரு முழுக்க மஞ்சள் புடவையில் குட்டிக் குட்டிப் பெண்கள் தடுக்கிக்கொண்டு நடந்தார்கள். சைக்கிளில் போன ஒரு புரோகிதரை இரண்டு குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. வேடிக்கை பார்த்து ரசித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், புத்தக அலமாரி காலி. முப்பத்திரண்டில் ஒன்றுகூட இல்லை.

"புத்தகமெல்லாம் எங்க?"

"கீழ" என்றாள் உஷா, கேசரியைக் கிளறிக்கொண்டே. "புள்ளைங்க எல்லாருமா வந்து தூக்கிட்டுப் போயிட்டாவ."

"நீ தடுக்கலியா?"

"சாமிக்குன்னு கேட்டா எப்படித் தடுக்க?"

ஓடினேன். கார் நிறுத்துகிற இடத்தில் வெள்ளை வெளேரென்று சரஸ்வதி, கையில் வீணை, பக்கத்தில் அன்னம். காலடியில் கட்டிடத்துப் பிள்ளைகளின் புத்தகங்கள் மலைபோல. எந்தப் பாடத்துக்கு அதிகம் பயமோ அது காலுக்கு அருகில் இருக்க வேண்டுமாம், மல்லிகா பௌதி விளக்கினாள். சுற்றிப் பார்த்தேன். இலக்கணம் வெளிவட்டத்தில் இருந்தது. கணக்கு அதற்கடுத்து. சரஸ்வதியின் கால் விரலை ஒட்டி, முப்பத்திரண்டும் என்னுடையவை.

சபாபதி சார் வந்தார், பளிச்சென்று மஞ்சள் ஜிப்பாவில். என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டு நேராகப் போய், இரண்டு கையிலும் பூவை வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு நின்றார். பெற்றோர்களும் வந்து நின்றார்கள். எல்லோர் கையிலும் பூ. புரோகிதருக்கு அது ஏழாவது வீடு, இன்னும் எட்டு வீடு பாக்கி. மந்திரம் எக்ஸ்பிரஸ் வேகத்தில் போனது. என் கைக்கடிகாரத்தில் பத்து நாற்பது.

என் விழா கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. எழுதிக் கொடுத்த காகிதம், பின்னாலேயே இறங்கி வந்த உஷாவின் இடுப்பில் இருந்தது. அப்போது எல்லோரும் கண்ணை மூடினார்கள். முப்பத்திரண்டும் வேண்டாம், அந்த ஆட்டுக்குட்டி ஒன்று போதும் என்று தோன்றியது. குனிந்தேன். பக்கவாட்டில் தவழ்ந்தேன். (வங்கி அதிகாரி. முப்பத்தெட்டு வயது. பட்டு வேட்டி.) ஆட்டுக்குட்டி அடுக்கின் அடியில் இருந்தது. மெதுவாக இழுத்தேன். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன்.

அடுக்கு சரிந்தது. சரிந்தது பக்கத்திலிருந்த அண்டாவின் மேல் விழுந்தது. அண்டாவில் இருந்தது கட்டிடத்துக்கே கொடுப்பதற்கான சரணாமிர்தம், அதாவது பால், தயிர், தேன், சர்க்கரை, கங்கை நீர் எல்லாம் கலந்த தீர்த்தம். அது மொத்தமும் புத்தகங்களின் மேல் நிதானமாகப் பரவியது.

சத்தம் கேட்டு எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். அவர்கள் பார்த்தது இதுதான். வீணைக்குக் கீழே நான் குந்தியிருக்கிறேன். ஒரு கையில் ஆட்டுக்குட்டி. விழாமல் இருக்க இன்னொரு கையால் அன்னத்தின் கழுத்தைப் பிடித்திருக்கிறேன்.

புரோகிதர் மந்திரத்தை நிறுத்தி வங்காளத்தில் ஏதோ சொன்னார். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பாப்பாய் எனக்காக மொழிபெயர்த்தான். "அங்கிள், அவர் எத்தனையோ வருஷமா பூஜை பண்றாராம். சாமிக்குப் புக் குடுக்கறவங்களைத்தான் பாத்திருக்காராம். திருப்பி எடுக்கறவரை இப்பதான் பாக்கறாராம்."

"என்ன மோஷாய் பண்றேள் அங்க?" என்றார் சபாபதி சார். (மோஷாய் என்றால் ஐயா.)

"சார், வாசிப்பு விழா..."

"இன்னிக்கா? இன்னிக்கு எழுத்தையே பாக்கக் கூடாதே. நான் காலைலேர்ந்து பேப்பர்கூடப் பிரிக்கலை. நீங்க குழந்தைகளை வச்சு புஷ்பாஞ்சலி குடுக்கறேள்னுல்ல பட்டினியா வந்தேன்."

எழுந்து நின்று புத்தகங்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். கடைசிப் புத்தகத்தைத் தூக்கியபோது அடியில் ஒரு சாமந்திப் பூ இருந்தது. பூவுக்குக் கீழே என் சிவப்புப் பேனா.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

மஞ்சள் புடவையில் மீனு முன்னால் வந்தாள். கண் தரையில் இருந்தது. "நான்தான் வச்சேன். எதுக்குப் பயமோ அத சாமி கால்ல வச்சா பயம் போயிரும்னு பாப்பாய் சொன்னான். நான் கதைக்குப் பயப்படலப்பா."

அவ்வளவு பேர் சிரித்தபோது வராத வெட்கம் அப்போது வந்தது. உஷா அந்தக் காகிதத்தை எடுத்து என் மூஞ்சியில் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. புத்தகங்களை முந்தானையில் அள்ளிக்கொண்டாள். பேனாவை நான் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன், பூவையும் மேலே வைத்தேன். இரண்டு நாள் கழித்து அது சரஸ்வதியோடு வேனில் ஏறி, ஆற்றில் கரைக்கப் படித்துறைக்குப் போனது.

மற்றதையெல்லாம் மல்லிகா பௌதி பார்த்துக்கொண்டாள். ஈரத்துணியால் துடைத்து, பக்கம் பக்கமாகப் பிரித்து மொட்டைமாடி வெயிலில் வைக்க வேண்டும். தேன் பட்டிருப்பதால் எறும்பு வரும், பால் பட்டிருப்பதால் காக்கை வரும், ஆகவே பிள்ளைகள் காவலுக்கு. எனக்கான உத்தரவு உஷாவிடமிருந்து வந்தது. "தண்ணித் தொட்டிக்குப் பின்னால உக்காந்து துடைச்சுக் குடுங்க. வாயத் தொறக்கப்பிடாது."

உட்கார்ந்தேன். துடைத்தேன். கொஞ்ச நேரம் காக்கை விரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பாப்பாயின் குரல்.

"ஏய் மீனு, இன்னிக்குப் படிக்கக் கூடாது."

"நான் எங்க படிக்கேன்? காஞ்சிருக்கான்னு பாக்கேன்."

"வாய் அசையுது."

"இரண்டாம் பக்கம் காஞ்சிருக்கான்னு பாக்கேன்."

பார்த்தாள். சத்தமாகவே பார்த்தாள். ஆட்டுக்குட்டி, மாதக்கணக்கில் நின்ற பிறகு, வாசலைத் தாண்டியது. மூன்றாம் பக்கத்தில் அவள் ஒரு சொல்லைத் தப்பாக வாசித்தாள். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பேனா இல்லை. நான்காம் பக்கத்தில் ஒரு வரியையே விட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு அட்டையை மூன்று முறை துடைத்தேன். ஐந்தாம் பக்கம் தேனில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் என்ன நடந்திருக்கும் என்று அவளே ஒரு கதை சொன்னாள். அதில் ஆட்டுக்குட்டி ஹவுரா பாலத்தில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. புத்தகத்தில் நிச்சயமாக அது இருந்திருக்காது. எட்டுப் பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

கடைசியில் ஆட்டுக்குட்டி கல்யாண வீட்டுக்குப் போய், மாப்பிள்ளை கழுத்து மாலையைத் தின்றுவிட்டது. அவர்கள் சிரித்த சிரிப்பில் காக்கைகள் எல்லாம் பறந்தன. தொட்டிக்குப் பின்னால் நானும் சிரித்தேன், சத்தம் வராமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு. திருட்டுத்தனமாக வாசிப்பதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதற்குப் பிறகு ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்கள். பாப்பாய் எழுத்து எழுத்தாகப் பார்த்தான். தடுமாறிய இடத்தில் மீனு சொல்லிக்கொடுத்தாள். மறுபடி முதலில் இருந்து என்று அவள் சொல்லவே இல்லை.

கீழே கிச்சுரி என்கிற பருப்புப் பொங்கலைச் சாப்பிட்டு விரதம் முடித்துக்கொண்டு சபாபதி சார் மேலே வந்தார். "நானும் ஒண்ணு காஞ்சிருக்கான்னு பாக்கட்டுமா?" என்று கேட்டு, ஒரு யானைக் கதையை எடுத்தார். எங்கள் மேலாளருக்குத் தமிழ் எழுத்து முக்கால்வாசி தெரியாது என்பது அன்றுதான் வெளியானது. பாப்பாய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துக் காட்டினான். சாயங்காலம் வரைக்கும் இருந்து, அந்த யானையை ஆறாம் பக்கம் வரை கொண்டுபோனார்.

பந்தயத்தில் நான்தான் ஜெயித்தேன் என்று ராத்திரி சாப்பாட்டில் சொல்லிப் பார்த்தேன். நாலு பேர் முன்னால் முழுக் கதையையும் வாசித்தாள் அல்லவா?

"நீங்க வாயத் தொறக்கல, அதனால வாசிச்சா. அப்போ நான்தானே ஜெயிச்சேன்?" என்றாள் உஷா. அன்றிலிருந்து மீனுவின் புத்தகத்துப் பக்கம் நான் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை வட்டம் மொட்டைமாடிக்கு மாறியது. எனக்குத் தொட்டிக்குப் பின்னால் இடம்.

ஏழு வருடம் ஓடிவிட்டது. அதற்குள் அடுத்த பதவி உயர்வுத் தேர்வை இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் தோற்றேன். ஒவ்வொரு முறையும் "இலந்தைப்பழம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள் மீனு. அதனால் இன்னும் கொல்கத்தாவிலேயே இருக்கிறோம். மீனுவுக்குப் பதினாலு வயது. பரீட்சைக்கு முந்தின நாள் இயற்பியல் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை வைத்திருப்பாள். உஷா பிடித்துவிட்டால், தலையைத் தூக்காமலே, "காஞ்சிருக்கான்னு பாக்கேன்மா" என்பாள். அந்த ஆட்டுக்குட்டிப் புத்தகம் உப்பிப் போய், ஐந்தாம் பக்கத்தில் இரண்டு எறும்புகளோடு, இன்னும் அலமாரியில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சோபாவில் கால் நீட்டி ஒரு நாவல் படித்துக்கொண்டிருந்தேன். (ஆமாம், நானேதான். மீனு படித்துவிட்டுக் கொடுத்தது.) அடுப்படியிலிருந்து உஷா மூன்று தடவை கூப்பிட்டாள், சின்ன வெங்காயம் உரிக்க வேண்டுமாம். நாலாவது தடவை கரண்டியோடு வந்து நின்றாள்.

"காஞ்சிருக்கான்னு பாக்கேன்" என்றேன்.

"ஏழு வருசமாக் காயவைக்கேன் உங்கள" என்று சொல்லிவிட்டு, வெங்காயத் தட்டை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.